போஸ்டரைத் தலைகீழாத் தொங்கவிட்டவங்க

முதல் தடவை அவங்க கடை முன்னால நான் வண்டியை நிறுத்தினது சண்டை போடத்தான்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில ஒரு பெட்டிக்கடை. பழத்தார், ஷாம்பு பாக்கெட்டுச் சரம், அதுக்குப் பக்கத்துல கயித்துல கிளிப் போட்டு அன்னன்னைக்கு வர்ற பேப்பர் போஸ்டர்கள். நான் அப்ப ஒரு தினசரிக்குக் கோவில்பட்டிப் பகுதிநேர நிருபர். அந்தக் காலையில மத்த பேப்பர் போஸ்டர் எல்லாம் ஒழுங்காத் தொங்குது, எங்க பேப்பர் போஸ்டர் மட்டும் தலைகீழாத் தொங்குது. அதுல இருந்தது முந்தின நாள் நடந்த ஒரு கூட்டத்தைப் பத்தி நான் எழுதின செய்தி. எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு.

“அக்கா, போஸ்டரைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“நேத்து அந்தக் கூட்டம் என் கடைக்கு எதிர்லதான் நடந்துச்சு அண்ணாச்சி. திரளான பொதுமக்கள் பங்கேற்புன்னு போட்டிருக்கீங்க. நான் எண்ணுனேன். முப்பத்தேழு பேரு. மைக் செட்டுக்காரரையும் சேத்துத்தான் சொல்லுதேன். அதுல நீங்க ஒருத்தரு.”

ஒரு பழத்தைப் பிச்சுத் தின்னுட்டுப் போயிட்டேன். சண்டை போடப் போனவன் பழம் தின்னுட்டு வந்த கதைன்னு என் வீட்டுக்காரி இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பா.

அவங்க பேரை இதுல எழுதப் போறதில்லை. பேப்பர்ல தன் பேரு வர்றது அவங்களுக்கு ஆகவே ஆகாது. ஒரு தடவை, “சாலையோர வியாபாரிகள் கருத்து”ன்னு ஒரு செய்தியில அவங்க பேரை நான் போட்டதுக்கு, “நான் எங்கிட்டுய்யா கருத்துச் சொன்னேன்? வெயிலு கூடுதலா இருக்குன்னு சொன்னேன். அது கருத்தா?”ன்னு கேட்டு அன்னைக்கும் போஸ்டரைத் தலைகீழா மாட்டினாங்க. நான் அவங்களை அக்கான்னு கூப்பிடுவேன், அவங்க என்னை அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க. ரெண்டு பேர்ல யாரு மூத்தவங்கன்னு கடைசி வரைக்கும் முடிவாகலை.

ஊரே அந்தப் போஸ்டரைப் படிக்கப் பழகிடுச்சு. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க, தீப்பெட்டி ஒட்டுற ஆபீசுக்கு வேலைக்குப் போற பொம்பளைங்க, ஆட்டோக்காரங்க, எல்லாரும் முதல்ல போஸ்டர் நேரா இருக்கா தலைகீழா இருக்கான்னுதான் பார்ப்பாங்க. நேரா இருந்தா வாங்கிட்டுப் போவாங்க. தலைகீழா இருந்தா, “இன்னைக்கு என்னக்கா பொய்?”னு கேட்டு, பதிலையும் கேட்டுக்கிட்டு, அப்பவும் வாங்கிட்டுத்தான் போவாங்க. தலைகீழாத் தொங்குற அன்னைக்குத்தான் எங்க பேப்பர் கூடுதலா விக்கும். இதை எங்க ஏஜெண்ட் கடைசி வரைக்கும் ஒத்துக்கிடலை.

அவங்க பேப்பரை முதல் பக்கத்துல இருந்து படிக்க மாட்டாங்க. நம்ம ஊர்ப் பக்கத்தைத்தான் முதல்ல விரிப்பாங்க. டில்லி, சென்னை, அமெரிக்கா எதுவும் கிடையாது. “அமெரிக்காவைப் பத்திப் பொய் எழுதினா அங்கன உள்ளவங்க பாத்துக்கிடட்டும். இங்கன உள்ளதைப் பத்தி எழுதினா நான்தான பாக்கணும். வேற யாரு வந்து பாப்பா?” இதை அவங்க ஏதோ பெரிய கொள்கை மாதிரிச் சொல்லலை. கடையைக் கூட்டிக்கிட்டே சொன்னாங்க.

அவங்களும் தப்புப் பண்ணியிருக்காங்க. நம்ம ஊர் ஹாக்கிக்குப் பேரு போனது. ஒரு தடவை இங்கத்திப் பொம்பளப் பிள்ளைகள் அணி ஜெயிச்சதுன்னு எழுதியிருந்தேன். போஸ்டர் தலைகீழாத் தொங்கிடுச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த டீம்ல ஆடுறவ, முந்தின நாள் அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தாளாம், அதனால தோத்துட்டாங்கன்னு இவங்களா முடிவு பண்ணிட்டாங்க. கால் பிசகினதுக்கு அவ அழுதிருக்கா. விஷயம் தெரிஞ்ச மறுநாள், கடைக்கு வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும், பாக்கு வாங்க வந்தவர்கிட்டகூட, “நேத்து நான் தலைகீழா மாட்டுனது தப்பு. பிள்ளைக ஜெயிச்சிருக்கு”ன்னு சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. என்கிட்டயும் சொன்னாங்க. எனக்குப் பெரிய சந்தோஷம். நான் சிரிச்சதைப் பார்த்து, “சிரிக்காதீங்க. நான் சொல்லிட்டேன். நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?”ன்னாங்க. அதோட என் சிரிப்பு நின்னுபோச்சு.

இப்ப எங்க தொழிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும், இல்லேன்னா அடுத்து நடந்தது புரியாது. ஊர்ல நாலு பேப்பருக்கு நாலு பகுதிநேர ஆளுங்க. ஆளுக்கொரு பிழைப்பு தனியா உண்டு. எனக்கு ஜெராக்ஸ் கடை. அதனால ஒரு ஏற்பாடு. ஒரு சம்பவத்துக்கு ஒருத்தர் போவார், அவர் வாட்ஸ்அப்ல போடுறதை மத்த மூணு பேரும் கொஞ்சம் மாத்தி அனுப்பிடுவோம். மழைச் செய்திக்கு அந்த ஒருத்தர்கூடப் போக வேண்டாம். டீக்கடையில நின்னுக்கிட்டே அடிச்சிடலாம். ‘கோவில்பட்டியில் கொட்டித் தீர்த்தது மழை. சாலைகளில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது. குளிர்ந்த காற்று வீசியது. விவசாயிகள் மகிழ்ச்சி.’ பல வருஷமா இதே நாலு வரி. தேதியை மட்டும் மாத்துவோம். இந்த வறண்ட பூமியில மழை பேஞ்சா விவசாயி வேற என்ன ஆவான், மகிழ்ச்சிதான் ஆவான்னு நாங்களே நினைச்சுக்கிட்டோம்.

அந்த வருஷம் தை மாசம், பொங்கல் முடிஞ்சு சரியா ஒரு வாரம். ரெண்டு நாள் விடாம மழை. டீக்கடையில நின்னு நான் நாலு வரியை அடிச்சேன், மூணு பேருக்கும் அனுப்பினேன். எங்க பேப்பர்ல அது போஸ்டர்லயே வந்துடுச்சு.

மறுநாள் மத்தியானம் அந்தப் பக்கம் போனா, போஸ்டர் தலைகீழா.

“மழை பேஞ்சது பொய்யாக்கா? நீங்களே நனைஞ்சீங்கல்லா?”ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன்.

அவங்க சிரிக்கலை. “மழை பேஞ்சது நெசம். மகிழ்ச்சி யாரு?”

“விவசாயிங்கதான்.”

“எந்த விவசாயி? ஒரு ஆளு பேரு சொல்லுங்க. இப்பவே போஸ்டரைத் திருப்பி மாட்டுதேன்.”

எனக்கு ஒரு பேரும் தெரியலை. அவங்க போனை எடுத்துக் காட்டினாங்க. பசுவந்தனைப் பக்கம் அவங்க பிறந்த ஊரு. அவங்க அண்ணன் அங்க பாசிப்பயறும் உளுந்தும் போட்டிருக்காரு. போன்ல ஒரு போட்டோ, ஒரு உள்ளங்கை, அதுல பாசி நெத்து, பயறு முத்திக் காஞ்ச காய். நெத்துக்குள்ள இருந்து வெள்ளையா முளை வந்திருந்தது. புரட்டாசியில விதைச்சு, ஐப்பசி கார்த்திகையில மழைக்கு ஏங்கி, தையில கைக்கு வர்ற நேரத்துல பேஞ்ச மழை. அறுத்துப் போட்டது களத்துல முளைச்சிடுச்சு, அறுக்காதது செடியிலயே முளைச்சிடுச்சு. கரிசல்ல பிறந்து வளர்ந்தவன் எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுதும்போது நினைப்பு வரலை. அதுதான் இன்னும் அசிங்கம்.

“சரிக்கா, பாக்குதேன்”னு நழுவப் பார்த்தேன்.

“எப்பப் பாப்பீங்க? காலையிலயே எங்க அண்ணனும் ஊர்க்காரங்களும் ஆபீசுக்குப் போயி, சேதத்தை வந்து பாருங்கன்னு கேட்டிருக்காங்க. அந்த அதிகாரி பேப்பர்ச் செய்தியெல்லாம் நறுக்கி ஒட்டி வச்ச ஃபைலை எடுத்துக் காட்டி, பேப்பர்லயே மகிழ்ச்சின்னு வந்திருக்கே, நாலு பேப்பர்லயும் வந்திருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

எந்த ஆபீஸ், யாரு அந்த அதிகாரிங்கிறது இங்க வேண்டாம். அவரும் எங்களை மாதிரித்தான், காகிதத்தைப் பார்த்து வேலை செய்யுறவரு. நாலு பேப்பர்லயும் ஒரே மாதிரி வந்தா நாலு பேரு பார்த்து எழுதினதுன்னுதான அவர் நினைப்பாரு? பார்த்தது யாருமே இல்லைன்னு எனக்கும் இன்னும் மூணு பேருக்கும்தான் தெரியும்.

“வெயிலு ஏறிட்டுன்னா முளைச்சதெல்லாம் காஞ்சு சருகாயிரும். மாட்டுக்குக் கூட ஆகாது, உழுது போட வேண்டியதுதான். உழுதுட்டா வந்து பாக்கதுக்கு அங்கன என்ன இருக்கும்?”ன்னு கேட்டாங்க. “ஆளு வந்து பாத்து எழுதாம நிவாரணம் கிடையாது. அதைத் தடுத்துக்கிட்டு நிக்கது உங்க ஒரு வரிதான்.”

செய்தியைத் திருத்திப் போடுற எங்க டெஸ்குக்குப் போன் போட்டேன். பயிர்ச் சேதம்னு அதிகாரி உறுதிப்படுத்தினா எழுதுங்க, போடலாம்னாங்க. அதிகாரிகிட்டப் போனா, பேப்பர்ல வரட்டும், பார்க்கலாம்ங்கிறாரு. இவர் சொன்னா அவங்க போடுவாங்க, அவங்க போட்டா இவர் பார்ப்பாரு. நான் கடைக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னதும் அந்த அக்கா கடைச் சாவியைப் பக்கத்துப் பூக்காரம்மாகிட்டக் கொடுத்துட்டு, என் வண்டிப் பின்னால ஏறி உட்கார்ந்துட்டாங்க. “எடுங்க வண்டியை. ஒரு தடவையாவது பாத்துட்டு எழுதுங்க.”

மழைக்குப் பிறகு கரிசல்ல நடந்தவங்களுக்குத் தெரியும். நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள செருப்புல மண் அப்பி, கால் ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ கனக்கும். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தேன். அவங்க அண்ணன் வரப்புல நின்னுக்கிட்டிருந்தாரு. மெலிஞ்ச ஆளு, மரியாதையான ஆளு. தங்கச்சி என்னை யாருன்னு சொன்னதும், ஒரு கோபமும் இல்லாம, தெரிஞ்சுக்கிடணும்ங்கிற மாதிரிக் கேட்டாரு.

“நீங்கதான் அந்த மகிழ்ச்சிக்காரரா?”

பத்திரிகையில இருந்த இத்தனை வருஷத்துல என்னை யாரும் இப்படி அடிச்சதில்லை. அவரு அடிக்கணும்னுகூடச் சொல்லலை.

“நாளன்னைக்கு டிராக்டருக்குச் சொல்லி வச்சிருக்கேன். பாசி போயிட்டு. உழுது போட்டாத்தான் மண்ணு மிச்சம்”ன்னாரு. அந்த அக்கா குனிஞ்சு ஒரு செடியைப் பிடுங்கி, முளைச்ச நெத்தோட என் சட்டைப் பையில சொருகினாங்க. “மறந்துராதீங்க”ன்னாங்க.

மறுநாள் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். பத்திரிகைக்காரங்களுக்கு ஓரமா நாலு நாற்காலி, டீ, பிஸ்கட். நாங்க நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவங்க அண்ணனும் ஊர்க்காரங்களும் எழுந்து சேதத்தைச் சொன்னாங்க. அதிகாரி ஃபைலைப் புரட்டினாரு, பேப்பர்லயே மகிழ்ச்சின்னு வந்திருக்கேன்னு அதையே சொன்னாரு. அப்ப, அண்ணன்கூட வந்திருந்த இந்த அக்கா எந்திரிச்சாங்க.

“நீங்க யாரும்மா? விவசாயியா?”

“நான் பேப்பர் விக்குதேன் சார்.”

“பேப்பர் விக்கிற நீங்களே பேப்பர்ல வந்தது தப்புன்னு சொல்றீங்களா?”

“விக்குததுனாலதான் சொல்லுதேன். காலையில ஊருல உள்ளவங்க கையில அதைக் கொடுக்கது நான்தான? பொய்யைக் கொடுத்தா என் கையும்தான அழுக்கு?” என் பக்கம் கையை நீட்டினாங்க. “எழுதினவரு அந்தா உக்காந்திருக்காரு. போயிப் பாத்தாரான்னு அவர்கிட்டயே கேளுங்க.”

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துல இருந்த மூணு பேரும் தரையைப் பார்த்தாங்க. நான் எந்திரிச்சா அவங்களும்தான் மாட்டுவாங்க, அதே நாலு வரிதான அவங்க பேப்பர்லயும். உள்ளபடியே சொல்லுதேன், எனக்கு அந்த நேரம் அந்தப் பொம்பளை மேல ஆத்திரம்தான் வந்தது. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல, சபையில வச்சு மானத்தை வாங்கணுமான்னு நினைச்சேன். அவங்க என்னைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நான் எந்திரிப்பேன்னு நம்பி நின்னாங்க. அந்த நம்பிக்கைதான் என்னால தாங்க முடியலை.

எந்திரிச்சேன். “நான்தான் எழுதினேன் சார். போய்ப் பாக்கலை. டீக்கடையில நின்னு எழுதினேன். மகிழ்ச்சியான்னு எந்த விவசாயிகிட்டயும் கேக்கலை.”

அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. “வாயால சொன்னா நான் மேல என்னத்தைக் காட்டுறது? எழுத்துல வரட்டும். தப்புன்னு நாளைக்கு உங்க பேப்பர்ல வந்தா, நாளைக்கே வண்டி அனுப்புறேன்”ன்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் கூட்டச் செய்தியை எழுதினேன். கடைசி வரி இப்படி: ‘விவசாயிகள் மகிழ்ச்சி என முன்னர் வெளியான செய்தி நேரில் பார்க்காமல் எழுதப்பட்டது, அது தவறு.’ டெஸ்க்ல இருக்கிறவருக்குப் போன் பண்ணி, வேற எதை வேணும்னாலும் வெட்டுங்க சார், கடைசி வரியை மட்டும் வெட்டாதீங்கன்னு கேட்டேன். பார்க்கலாம்னாரு. அந்த வரி வருதுன்னு அக்காகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். அவசரக்குடுக்கை.

மறுநாள் காலையில ஆறு மணிக்குப் பேப்பர் கட்டு வந்தது. நான் முன்னாலயே போய் நின்னுட்டேன். அவங்க ஊர்ப் பக்கத்தை விரிச்சு, விரலை வச்சு, மெதுவா, ஒவ்வொரு வரியா வந்தாங்க. கூட்டம் நடந்தது இருந்தது. அதிகாரி தலைமை வகித்தது இருந்தது. விவசாயிகள் கோரிக்கை வைத்தனர்னு இருந்தது. அதோட முடிஞ்சது.

“கடைசி வரி எங்க?”

“வெட்டிட்டாங்க அக்கா.”

அவங்க என்னைத் திட்டலை. கட்டைப் பிரிச்சு, பேப்பரை எல்லாம் பழப்பெட்டி மேல அடுக்கினாங்க. உள்ள இருந்து ஒரு பேனாவை எடுத்தாங்க, ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க.

“உக்காருங்க அண்ணாச்சி. எழுதுங்க.”

“எதை?”

“வெட்டுன வரியை. அதே இடத்துல. கீழ உங்க கையெழுத்தைப் போடுங்க.”

“எத்தனை பேப்பர்ல?”

“எல்லாத்துலயும்தான். அன்னைக்குப் பொய்யி எல்லாத்துலயும்தான வந்துச்சு?”

உட்கார்ந்தேன். எழுதினேன். முதல் பத்துப் பேப்பர் வரைக்கும் கை கூசுச்சு. பிறகு கூச்சம் போயிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு வீம்பு வந்தது பாருங்க, அதை நான் மறக்கவே மாட்டேன். வெட்டுங்கடா, எத்தனை தடவை வெட்டுவீங்க, நான் எழுதுதேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே எழுதினேன். பஸ்ஸுக்கு வந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற ஒரு அம்மா, பேப்பரே வாங்காதவங்க, “எனக்கு எழுதுனது ஒண்ணு கொடுங்க”ன்னு வாங்கிட்டுப் போனாங்க.

எட்டு மணிக்கு ஏஜெண்ட் போன் பண்ணினாரு. யாரோ சொல்லியிருக்காங்க. பேப்பர்ல கிறுக்கி விக்கிறியா, நாளையில இருந்து சப்ளை கிடையாதுன்னு அவர் கத்துறது எனக்கே கேட்டுச்சு. அக்கா ஒரு கையில போனும் ஒரு கையில பேப்பருமா நின்னுக்கிட்டே, “நாளைக்கு நிப்பாட்டிக்கோங்க அண்ணாச்சி. இன்னைக்கு வந்தது இன்னைக்கு எனக்குள்ளது”ன்னு வச்சுட்டாங்க. அவரு சொன்ன மாதிரியே நிறுத்தவும் செஞ்சாரு. அந்தக் கடையில எங்க பேப்பர் அதுக்குப் பிறகு வரவே இல்லை. அடுத்த மாசம் என்னையும் நிறுத்திட்டாங்க. ரெண்டு பேர்ல யாரும் போய்க் கேக்கலை.

ஒன்பதுக்கு அந்த ஆபீஸ் உதவியாளர் வழக்கம்போல ஆபீஸ் பேப்பர் வாங்க வந்தாரு. அக்கா அடுக்குல இருந்து எடுக்காம, நான் எழுதிக்கிட்டிருந்ததை அப்படியே உருவி, ஊர்ப் பக்கம் மேல வர்ற மாதிரி மடிச்சுக் கொடுத்தாங்க.

“உங்க ஐயா எழுத்துல வரட்டும்னு சொன்னாருல்லா? வந்திருக்கு. நறுக்கும்போது கத்திரியைக் கொஞ்சம் கீழ இறக்கி, கையெழுத்தோட சேத்து நறுக்கச் சொல்லுங்க.”

அவரு படிச்சாரு, என்னைப் பார்த்தாரு, பேப்பரைக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. வெயில் சுள்ளுன்னு ஏறிக்கிட்டிருந்தது. அக்கா ரோட்டைப் பார்க்குறதும் வெயிலைப் பார்க்குறதுமா நின்னாங்க. பசுவந்தனையில டிராக்டர் வந்து நிக்குதுன்னு அண்ணன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறுன்னு சொன்ன குரல்ல, நான் அவங்ககிட்ட முன்னபின்ன கேட்காத ஒரு நடுக்கம் இருந்தது.

பத்தரைக்கு ஆபீஸ் ஜீப் கடையைத் தாண்டிப் பசுவந்தனை ரோட்டுல திரும்புச்சு. முன் சீட்ல அந்த அதிகாரி. மடியில ஃபைல்.

அக்கா போனைப் போட்டாங்க. “அண்ணே, டிராக்டரைத் திருப்பி அனுப்பிரு. பாசிக் காட்டுல கை வைக்காத, அப்படியே கிடக்கட்டும். ஜீப்பு வருது.” அவ்வளவுதான். புறங்கையால கண்ணைத் துடைச்சாங்க.

நான் பேனாவை மூடி வச்சுட்டு எந்திரிச்சேன். வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

“எங்க போறீங்க?”ன்னாங்க. “இன்னும் பதினோரு பேப்பர் கிடக்கு. உக்காருங்க.”